படம் போன பிறகு மிஞ்சும் புத்தகம்

சினிமா ரசிகர்களுக்கென்றே ஒரு வகைப் புத்தகம் இருக்கிறது. முதல் பேசும்படம் வந்த நாள், மூன்று தீபாவளி கண்ட படம், வெள்ளைக்காரன் தடை செய்த படம், நாகஸ்வரக்காரராகவே மாறிப்போன நடிகர் என்று திரை வரலாற்றின் 'மறக்க முடியாத தருணங்களை' அடுக்கிக்கொண்டே போகும். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ராத்திரி தூக்கம் வரும்வரை எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் ஏதாவது கிடைக்கும். எனக்கும் ரொம்பப் பிடித்த வகைதான். என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இவைதான் இருக்கின்றன.

சமீபத்தில் இவற்றை மறுபடி எடுத்து, இந்த முறை கையில் பென்சிலோடு படித்தேன். படித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. இவர்கள் 'தருணம்' என்று சொல்வதில் திரையில் நடந்தது எவ்வளவு, திரைக்கு வெளியே நடந்தது எவ்வளவு? திரையில் நடந்ததை நாம் இப்போது பார்த்துச் சரிபார்க்க முடியுமா?

இது சும்மா நொட்டை சொல்வதற்காகக் கேட்கிற கேள்வி இல்லை. தமிழ் பேசத் தொடங்கியது 1931இல். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964இல். நடுவில் 33 வருஷம். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், வைத்திருந்தால் மக்கிப் போகும். அதில் இருக்கும் வெள்ளிக்காகவே உருக்கிய பிரதிகளும் உண்டு. ஆரம்பகாலப் படங்களில் பெரும்பகுதி இப்படிப் போய்விட்டது. அவற்றைப் பொறுத்தவரை புத்தகம்தான் இப்போது நமக்கு இருக்கும் ஒரே கொட்டகை. அதில் ஒரு தவறு இருந்தால், 'படத்தைப் போட்டுப் பாருங்க' என்று சொல்லித் திருத்த வழியே இல்லை.

உலக சினிமாவின் மிகப் பிரபலமான தருணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895 டிசம்பர் 28, பாரிஸ். லூமியேர் சகோதரர்கள் காட்டிய ரயிலைப் பார்த்து ஜனங்கள் அலறி ஓடினார்கள் என்று படிக்காத சினிமா ரசிகர் உண்டா? அன்றைய நிகழ்ச்சி நிரலில் 10 குறும்படங்கள் இருந்தன. ரயில் படம் அதில் இல்லை, அது பிறகு வந்தது. அலறி ஓடிய கதைக்கும் நம்பத்தகுந்த சமகாலச் சாட்சி கிடையாது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கதை நன்றாக இருந்ததால் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்கு நகல் ஆகிக்கொண்டே வந்தது. நிரல் பட்டியலும் ரயில் படமும் பிழைத்திருப்பதால் அவர்களால் சரிபார்க்க முடிந்தது. நமக்கு அந்த வசதியும் இல்லை.

சரி, நம்மூர் புத்தகங்களுக்கு வருவோம். நான் பார்த்தவரை நாலு விதம்.

ஃபிலிம் நியூஸ் ஆனந்தனின் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' (2004) ஒரு பெரிய அட்டவணை. வருஷவாரியாகப் படங்கள், நடித்தவர்கள், எடுத்தவர்கள், கூடவே 'முதல்' சாதனைகள். கணினி இல்லாத காலத்தில் ஒரு தனி மனிதர் கட்டிய டேட்டாபேஸ் இது. தமிழ்த் திரை வரலாறு பற்றி எழுதும் யாரும், நான் உள்பட, இதைத் தொடாமல் நகர முடியாது. ராண்டார் கையின் 'ஸ்டார்லைட் ஸ்டார்பிரைட்' (1997) இதற்கு நேர் எதிர். ஆங்கிலத்தில், திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிற சுகம். அறந்தை நாராயணனின் 'தமிழ் சினிமாவின் கதை' அரசியலையும் சமூகத்தையும் கோத்துத் தொடர்ச்சியாக எழுதப்பட்ட வரலாறு. சினிமா நூலுக்கான தேசிய விருது பெற்றது. தியடோர் பாஸ்கரன் நாலாவது வகை. 'தி மெசேஜ் பேரர்ஸ்' (1981) தொடங்கி 'எம் தமிழர் செய்த படம்' (2004) வரை, எதைச் சொன்னாலும் எங்கிருந்து சொல்கிறேன் என்று காட்டுபவர்.

அட்டவணை, கதை, வரலாறு, ஆய்வு. இந்த நாலையும் உரசிப் பார்க்க எங்கள் காவிரிக்கரை ஊர்கள் நாலையே எடுத்துக்கொண்டேன்: திருவையாறு, மாயவரம், பாபநாசம், சிக்கல்.

திருவையாறு: 'முதல்' என்ற சொல்

டி.பி. ராஜலட்சுமி. அந்த 'டி' திருவையாறு. 1931 அக்டோபர் 31ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி. எல்லாப் புத்தகத்திலும் 'முதல் தமிழ்ப் பேசும்படம்', 'முதல் கதாநாயகி' என்று இருக்கும். ஆனால் அந்தப் படம் பம்பாயில் எடுக்கப்பட்டது. கதாநாயகி தமிழ் பேச, கதாநாயகன் தெலுங்கு பேசினார், ஊடே இந்தியும் வந்தது. தியாகராஜர் கீர்த்தனைகள் இருந்தன, காளிதாசனுக்குச் சம்பந்தமே இல்லாத மதுரகவி பாஸ்கரதாஸின் தேசபக்திப் பாட்டும் இருந்தது. அப்படியானால் 'தமிழ்ப் படம்' என்பதற்கு இங்கே என்ன அர்த்தம்? ஒரே படத்துக்குள் மூன்று மொழியைக் கேட்ட சென்னைக்காரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? தியாகராஜர் சமாதி இருக்கும் ஊரின் பெயரைத் தாங்கிய பெண், அவர் கீர்த்தனைகள் ஒலித்த படத்தில்தான் பேசும்பட நாயகி ஆனார் என்பதே எவ்வளவு பெரிய விஷயம்! 'முதல்' என்ற சொல் வந்ததும் மற்றதெல்லாம் அடங்கிவிடுகிறது.

சிறுவயதுக் கல்யாணம் முறிந்து, நாடக மேடையேறிப் பிழைத்தவர் ராஜலட்சுமி. 1936இல் தன் நாவலையே 'மிஸ் கமலா' என்று எடுத்துத் தமிழின் முதல் பெண் இயக்குநரும் ஆனார். காளிதாஸ், மிஸ் கமலா இரண்டுக்கும் இன்று பிரதி கிடையாது. ஒரு பெண் காமிராவுக்குப் பின்னால் நின்று எதைப் பார்த்தார் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. 'முதல் பெண் இயக்குநர்' என்று ஒரு வரி எழுதும் புத்தகம், 'இந்தப் படம் இன்று இல்லை' என்ற அடுத்த வரியையும் எழுதியே ஆக வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், எல்லாம் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

மாயவரம்: எண்ணும் காரணமும்

மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இந்தத் தகவல் இல்லாத தருணப் புத்தகம் கிடையாது. வேறொரு அத்தியாயத்தில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கும் இருக்கும்: 1944 டிசம்பரில் பாகவதர் கைது, 1947 ஏப்ரலில் விடுதலை.

இந்த இரண்டு பக்கங்களையும் ஒட்டிப் பாருங்கள் (எங்க வேலையில் இதை 'ஜாயின்' என்போம்). மூன்று தீபாவளிகளில் இரண்டின்போது, 1945இலும் 1946இலும், திரையில் பாடிக்கொண்டிருந்தவர் நிஜத்தில் சிறையில் இருந்தார்! ஓடாத குதிரை மாதிரி நிற்கிற அந்தச் சாதனை எண்ணுக்கு இப்போது உயிர் வந்துவிடுகிறது. சிறைக்குள் இருக்கும் ஒருவரின் குரலைக் கேட்கத்தான் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கூடவே, அது யுத்த காலம். கச்சா பிலிம் தட்டுப்பாடு. படத்தின் நீளம் 11,000 அடிக்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு. புதுப் படங்கள் குறைவு. ஒரு படம் நீண்ட நாள் ஓட இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பாகவதரின் புகழை இது குறைக்காது. எண்ணை மட்டும் தருகிற புத்தகம் நம்மை வாய் பிளக்க வைக்கிறது. காரணத்தையும் தந்தால்தான் அந்தக் காலம் புரியும்.

பாபநாசம்: கொட்டகைக்கு வெளியே

இந்த ஊரில் ஆய்வு வகைதான் ஜெயிக்கிறது. பாபநாசத்தில் பிறந்த கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாகபூமி' 1939 மே மாதம் வெளிவந்தது. கல்கி அதே கதையை ஆனந்த விகடனில் தொடராக எழுத, ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களே அச்சாயின. வாசகரும் ரசிகரும் ஒரே ஆள் என்று கணக்குப் போட்ட வியாபாரத் தந்திரம் அது. இன்றைக்கும் புதுசாகத்தான் இருக்கிறது.

தருணப் புத்தகங்கள் இந்தப் படத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும்: தடை. ஆனால் எப்போது தடை, ஏன் அப்போது? படம் வந்தபோது சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது. அது 1939 அக்டோபரில் விலகியது. அதன் பிறகே தடை வந்தது. அதாவது, படம் மாறவில்லை, நாற்காலியில் இருந்தவர் மாறினார். இந்தக் கோணத்தை எனக்குக் காட்டியது சினிமாவையும் தேச இயக்கத்தையும் சேர்த்துப் படிக்கும் பாஸ்கரனின் வழிதான்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. நல்லவேளையாக 'தியாகபூமி'க்குப் பிரதி இருக்கிறது. பார்த்தால், தடையைவிடப் பெரிய தருணங்கள் உள்ளே இருக்கின்றன. புயலில் குடிசை இழந்த சேரி ஜனங்களுக்குத் தன் மாட்டுக்கொட்டகையைத் திறந்துவிட்டு, அக்கிரகாரத்தின் பகையைச் சம்பாதிக்கிற சம்பு சாஸ்திரி. அவராக நடித்தவர் பாபநாசம் சிவன். துரத்திவிட்ட கணவன் பிறகு சேர்ந்து வாழக் கேட்டு வழக்குப் போட, 'வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன், கூட வாழ மாட்டேன்' என்கிற சாவித்திரி. 1939இல்! வெள்ளைக்கார அரசுக்கு உறுத்தியது தேசியம். தஞ்சாவூர் ஜில்லாவின் பெரிய வீடுகளுக்கு உறுத்தியிருக்கக்கூடியது இந்த இரண்டு காட்சிகளும்தான். தடையைப் பற்றி மட்டும் எழுதும்போது படத்தின் எதிரி லண்டனில் இருந்தான் என்று ஆகிவிடுகிறது. படம் நம் தெருவோடும் சண்டை போட்டது என்பது மறைந்துவிடுகிறது.

சிக்கல்: விரலைப் பார்த்துக் காட்சியை விடுவது

கடைசி உதாரணத்துக்குப் பிரதிப் பஞ்சமே இல்லை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968). கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர், ஏ.பி. நாகராஜன் இயக்கம். சிக்கல் ஷண்முகசுந்தரம், திருவாரூர் மோகனா. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், பக்கம்தான். புத்தகங்களில் வரும் தருணம் எப்போதும் ஒன்றுதான்: வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள், ஆனால் சிவாஜியின் கன்னமும் விரலும் நிஜ வித்வானுடையது போலவே இருக்கும். உண்மைதான், மறுக்கவில்லை.

ஆனால் படத்தின் உச்சம் அதுவா? ஷண்முகசுந்தரம் மறைவில் நின்று பார்க்க, அது தெரிந்து மோகனா ஆடுகிற அந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டு முருகனை நோக்கியது. ஷண்முகம் முருகனின் பெயர். சிக்கல் என்றால் சிங்காரவேலர் இருக்கும் ஊர். சபையில் இருப்பவர்களுக்கு அது பக்திப் பதம், ஒளிந்திருப்பவனுக்கு மட்டும் அது கேலியும் காதலும். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சதிர் மரபில் பதங்கள் செய்ததே இதைத்தான்: சாமியைப் பாடுகிற சாக்கில் ஆளைப் பாடுவது. அந்த மரபை ஒழுக்கத்தின் பெயரால் சமூகம் ஒதுக்கித் தள்ளி முடித்த காலத்தில், ஒரு ஜனரஞ்சகப் படம் அதன் இலக்கணத்தை அப்படியே கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டது. படம் கையில் இருந்தும் நாம் இதை எழுதாமல் விரல் கதையையே திரும்பத் திரும்ப எழுதுகிறோம். படம் தொலைந்தால் புத்தகத்தில் எது மிஞ்சும்? விரல்தான்.

என்ன எதிர்பார்க்கிறேன்?

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் புத்தகங்களின் தேதிகள் எல்லாம் பெரும்பாலும் சென்னையின் தேதிகள். சம்பா அறுப்பு முடிந்து, தரிசாகக் கிடக்கும் வயலில் டூரிங் டாக்கீஸ் கூடாரம் போட்ட பிறகுதான் டெல்டா கிராமத்துக்குப் படம் வரும். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்ற மாற்ற இடைவேளை. மணலைக் குவித்து உட்கார்ந்து, நாலு துண்டாகப் படம் பார்த்தவருக்கு அந்தத் தருணம் வேறு. தமிழ் சினிமாவைத் தாங்கியதில் அந்தத் தரை டிக்கெட்டுக்கும் பங்கு உண்டு. அவர் எந்தப் புத்தகத்திலும் அதிகம் பேசுவதில்லை. அந்தத் தலைமுறைக்கு இப்போது 80 வயது தாண்டிவிட்டது.

அடுத்து யாராவது இப்படி ஒரு புத்தகம் எழுதினால் நான் கேட்பது ஒவ்வொரு தருணத்தோடும் மூன்றே வரிகள். ஒன்று: இந்தப் படம் இன்று இருக்கிறதா? இரண்டு: இந்தச் சேதியைச் சொன்னது யார், விளம்பரமா, விமர்சனமா, நடித்தவரா, செவிவழியா? மூன்று: பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? மூன்றாவதற்கு விடை இல்லையென்றால் 'இல்லை' என்றே போடட்டும். அதுவும் ஒரு தகவல்தான்.

ஆனந்தன் ஒரு தலைமுறையின் விவரங்களைத் தனியாளாகக் காப்பாற்றினார். நம்மிடம் ஆளுக்கு ஒரு காமிரா பையிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம் இருந்தால் பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பிரதியில்லாத ஒரு படத்தின் கதைச்சுருக்கமும் பாடல்களும் நடிகர் பட்டியலும் அந்த நாலு தாளில்தான் இருக்கக்கூடும். படம் எடுத்து வையுங்கள், சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடத்தில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், 'எந்தப் படம் பிடிக்கும்' என்று கேட்காமல், 'எங்கே உட்கார்ந்து பார்த்தீங்க, யார்கூடப் போனீங்க, அப்போ பக்கத்துல இருந்தவங்க என்ன பண்ணாங்க' என்று கேளுங்கள். பதிலை அன்றைக்கே, தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள்.