மூணு மாசத்தில் ஒரு தடவை

உலகத்தில் 550 கோடிப் பேர், அதாவது 68 சதவிகிதம், இன்டர்நெட் உபயோகிக்கிறார்கள் என்று 2024-ல் சொன்னது ஐ.டி.யு. எனப்படும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். ஐ.நா. அமைப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 'உபயோகிப்பவர்' என்றால் யார்?

பேலன்ஸ்ஷீட்டைப் பார்க்கும்போது அடிக்குறிப்பை முதலில் படி என்பார்கள். இங்கேயும் அதேதான். கடந்த மூணு மாசத்தில், எங்கிருந்தாவது, ஒரே ஒரு தடவை நெட்டுக்குள் போயிருந்தால் போதும். நீங்களும் கணக்கில் சேர்த்தி. நாள் முழுக்க லேப்டாப்பும் கையுமாக இருப்பவருக்கும் ஒரு புள்ளி, பக்கத்து வீட்டுப் பையனிடம் போனை வாங்கி பரீட்சை ரிசல்ட் மட்டும் பார்த்தவருக்கும் ஒரு புள்ளி.

எல்லா நாடும் கேட்கக்கூடிய எளிய கேள்வி வேண்டும் என்பது ஐ.டி.யு.வின் நியாயம். ஒப்புக்கொள்ளலாம். ஆனால், கேள்வி புரியவேண்டுமே? 2012 வாக்கில் இந்தோனேஷியாவில் சர்வே எடுத்த கொழும்பின் லெர்ன்ஏசியா ஆய்வாளர்களுக்கு ஓர் ஆச்சரியம். 'நெட்டெல்லாம் உபயோகிப்பதில்லை' என்ற சிலரே, 'ஃபேஸ்புக் பார்ப்போம்' என்றார்கள்!

நம் ஊர்க் கதை இன்னொரு விதம். டிராய் எண்ணுவது ஆளை அல்ல, இணைப்பை. 2024 மார்ச்சில் 95 கோடி. ஒருவரிடமே ரெண்டு சிம் இருந்தால் ரெண்டு. தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) ஆளைக் கேட்டது: எப்போதாவது நெட் உபயோகித்ததுண்டா? ஆண்களில் 57 சதவிகிதம் பேர் 'ஆமாம்' என்றார்கள். பெண்களில் 33தான். வருஷம் வேறு, கேள்வியும் வேறு. இணைப்பை மட்டும் எண்ணினால் இந்தப் பெண்கள் கண்ணிலேயே படமாட்டார்கள்.

ஐ.டி.யு.வின் 2017 தரவரிசையில் 176 நாடுகளில் ஐஸ்லாந்து முதலிடம், இந்தியா 134. அடுத்த சில வருஷம் பட்டியலே வரவில்லை. போதிய தகவல் இல்லை, அளவுகோலிலும் சச்சரவு. 2023-ல்தான் புது அளவுகோலோடு திரும்பி வந்தது.

இதெல்லாம் புள்ளிவிவரக்காரர்கள் சண்டை என்று விட்டுவிட முடியாது. 2020-ல் பள்ளிக்கூடங்களை மூடி, பாடத்தை ஆன்லைனுக்கு மாற்றினோம். 2017-18 தேசிய மாதிரி ஆய்வுப்படி, கிராமத்தில் நூறு வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது நாலு சொச்சத்தில். நெட் வசதி 15-ல். இந்தக் கணக்கு அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது.

எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாதீர்கள். போன் யாருடையது, எத்தனை நேரம் கையில் கிடைக்கும், அதில் ஒரு பாடத்தை முழுசாகப் படிக்க முடியுமா? இதையும் சேர்த்துக் கேளுங்கள். சதவிகிதம் குறையும். குறையட்டுமே!