பேஜ்மேக்கர் கோப்புகளுக்கு யார் பொறுப்பு?

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அச்சான நாவல், ஆய்வு நூல், கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை என ஏராளமானவை டி.டி.பி. மையங்களில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவானவை. அந்தக் கோப்புகளை, அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் இன்றைய பதிப்பு திறக்காது. குறுந்தகட்டில் கீறல் இல்லை, கோப்பிலும் பழுதில்லை. ஆனாலும் மறுபதிப்பு வேண்டுமென்றால் பல பதிப்பகங்களுக்கு ஒரே வழிதான்: அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தட்டச்சு செய்து, மறுபடியும் மெய்ப்புப் பார்க்க வேண்டும். முடிந்துபோன வேலைக்கு இரண்டாவது கூலி, அதோடு முதல் பதிப்பில் இல்லாத புதுப் பிழைகள்.

இதற்கு யார் பொறுப்பு? மென்பொருள் நிறுவனத்தைத் திட்டிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் பழைய கோப்பைக் கைவிடுவதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணங்களில் உண்மையும் இருக்கிறது. அந்த உண்மை எதுவரை செல்லும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. 2007 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், ஆபீஸ் 2003-க்கான மூன்றாவது சர்வீஸ் பேக்கை வெளியிட்டது. அதை நிறுவியவர்களின் கணினியில் மிகப் பழைய வேர்டு ஆவணங்கள், பவர்பாயின்ட் 97-க்கு முந்தைய கோப்புகள், சில லோட்டஸ், கோரல்டிரா கோப்புகள் திறக்காமல் போயின. இதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. பழைய கோப்பைப் படிக்கும் நிரல், இணையத் தாக்குதல்கள் பெருகுவதற்கு முன்பே எழுதப்பட்டது. வேண்டுமென்றே சிதைத்த ஒரு கோப்பை அனுப்பி, அந்த நிரலின் ஓட்டை வழியாகக் கணினியையே கைப்பற்ற முடியும். ஆனால் எதிர்ப்பு கிளம்பியதும், 2008 ஜனவரியில் நிறுவனமே ஒரு விளக்கம் தந்தது: குறை கோப்பு வடிவத்தில் இல்லை, அதைப் படிக்கும் தன்னுடைய நிரலில்தான் இருக்கிறது. தடையை நீக்கிக்கொள்ளும் வழியையும் எளிதாக்கியது. அடுத்து வந்த ஆபீஸ் 2010-இல் ‘புரொடெக்டட் வியூ’ அறிமுகமானது. சந்தேகத்துக்குரிய கோப்பைத் தனியே அடைத்துவைத்து, படிக்க மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு அது. பாதுகாப்பு என்ற வாதத்துக்குப் பதில் அந்த நிறுவனத்தின் கையிலேயே இருந்திருக்கிறது. ஆபத்தான கோப்பைத் தனிமைப்படுத்துவது நியாயம். திறக்கவே மாட்டேன் என்பதற்கு அந்த வாதம் போதாது.

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது: அடித்தளத்தையே மாற்றி எழுதினால் பழையதைச் சுமந்துகொண்டு போக முடியாது. 2011 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் புரோ எக்ஸ், அதற்கு முந்தைய ஏழாம் பதிப்பில் செய்த படத்தொகுப்புத் திட்டங்களைத் திறக்கவில்லை. பழைய மென்பொருள் 32-பிட் காலத்தது. புதியதில் காலவரிசை என்ற கருத்தே வேறு. ஒரு துண்டுக் காட்சிக்கும் அதோடு ஒட்டிய ஒலிக்கும் உள்ள உறவு பழைய கோப்பில் பதிவாகவே இல்லை, அதனால் சரியாகப் பெயர்க்க முடியாது என்றது ஆப்பிள். தொழில்நுட்பரீதியில் இது உண்மை. என்றாலும் அடுத்த ஆண்டே வேறொரு சிறு நிறுவனம், பழைய திட்டங்களைப் புதியதற்குள் கொண்டுவரும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எல்லாம் அப்படியே வரவில்லை, பெரும்பகுதி வந்தது. முழுமையாகப் பெயர்க்க முடியாது என்பதும் பெயர்க்கவே முடியாது என்பதும் ஒன்றல்ல. வாடிக்கையாளர் கேட்டது நூற்றுக்கு எண்பது பங்காவது கிடைக்குமா என்றுதான்.

எதிர்ப்பக்கத்தில், கணினி அறிஞர் டொனால்ட் நூத் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைச் சொல்வார்கள். 1990-இல் அவர் அதன் வளர்ச்சியை நிறுத்தினார். அதன்பின் பிழைத் திருத்தம் மட்டுமே. பதிப்பு எண் 3.14, 3.141 என்று கணித மாறிலியான பை (π) மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் ஓர் இலக்கமாக நீள்கிறது. முப்பது ஆண்டுக்கு முந்தைய கணிதக் கட்டுரை இன்றும் அதே பக்கங்களாக வருகிறது. வியக்கத்தக்க ஒழுக்கம்தான். ஆனால் விற்றுப் பிழைக்க வேண்டிய நிறுவனத்தை இதை வைத்து அளப்பது நியாயமில்லை. எக்ஸெல்தான் சரியான அளவுகோல். 1900-ஆம் ஆண்டை லீப் ஆண்டாகக் கொண்ட லோட்டஸ் 1-2-3-இன் தவற்றை, பழைய தாள்கள் கணக்குத் தப்பக் கூடாது என்பதற்காகத் தெரிந்தே எக்ஸெல் எடுத்துக்கொண்டது. இல்லாத பிப்ரவரி 29 இன்றும் அதில் இருக்கிறது. போட்டி நிறுவனத்தின் கோப்புக்கே இவ்வளவு மதிப்புக் கொடுக்க ஒரு வணிக நிறுவனத்தால் முடிந்திருக்கிறது. மனம் வைத்தால் செலவைத் தாங்கலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இப்போது பேஜ்மேக்கருக்கு வருவோம். 1985-இல் ஆல்டஸ் வெளியிட்ட மென்பொருள் அது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7.0 தான் கடைசிப் பெரிய பதிப்பு. 2004-இல் மேம்பாட்டை நிறுத்தினார்கள். அதற்குள் இன்டிசைன் வந்துவிட்டது. பேஜ்மேக்கர் 6.0, அதற்குப் பிந்தைய பதிப்புகளின் கோப்புகளை 2012-இல் வெளியான சி.எஸ்.6 வரை இன்டிசைன் திறந்தது. 2013-இன் சி.சி. பதிப்பில் அந்த வசதி இல்லை. ஆக, எட்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் தந்திருக்கிறார்கள். ஆங்கிலப் பதிப்பாளர் யாராவது புகார் சொன்னால், ‘எட்டு ஆண்டுகளாக என்ன செய்தீர்கள்’ என்று அடோபி திருப்பிக் கேட்கலாம்.

தமிழ்ப் பதிப்பாளரிடம் அப்படிக் கேட்க முடியாது. இன்டிசைனில் யுனிகோடு தமிழை முறைப்படி கோக்கும் வசதி அதே சி.எஸ்.6-இல்தான் வந்தது. அதுவரை பழைய எட்டு-பிட் எழுத்துருவிலேயே வேலை செய்ய வேண்டியிருந்ததால், கோப்புகளை மாற்றுவதற்குக் காரணமே இருக்கவில்லை. பழைய கதவும் புதிய கதவும் ஒருசேரத் திறந்திருந்தது ஒரே ஒரு பதிப்பில். எட்டு ஆண்டு அவகாசம் தமிழுக்கு ஏறக்குறைய ஓராண்டாகச் சுருங்கிவிட்டது. இந்தக் கணக்கை யாரும் திட்டமிட்டுப் போட்டிருக்க மாட்டார்கள். தமிழ் அச்சகங்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பதே என் முடிவு.

எழுத்துருவிலும் இதே பாரபட்சம். டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவை 2023 ஜனவரியோடு அடோபி நிறுத்தியது. ஆங்கிலக் கோப்பில் எழுத்துரு காணாமல் போனால் வேறொன்று வந்து உட்காரும். பக்கம் கொஞ்சம் அலங்கோலமாகும், படிக்க முடியும். தமிழ்க் கோப்பில் நிலைமை வேறு. எட்டு-பிட் காலத்தில் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திவைத்திருந்தோம். எழுத்துரு போனால் வாசகமே போய்விடும். திரையில் எஞ்சுவது ரோமன் எழுத்துக் குப்பை. அக்காலத் தமிழ் எழுத்துருக்களில் டைப் 1 வகையும் உண்டு, ட்ரூடைப் வகையும் உண்டு. டைப் 1-ஐ நம்பியவர்களுக்கு இந்த மேம்படுத்தல், மொழியையே கோப்பிலிருந்து எடுத்துவிட்டது.

ஆனால் இங்கே பழி முழுவதும் அடோபிக்குப் போகாது. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி வடிவங்களை அடுக்கியது. 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாப், டாம் என்ற குறியாக்கங்களைத் தரப்படுத்திய பிறகும் அச்சகங்களில் பழைய பழக்கங்கள் தொடர்ந்தன. யுனிகோடையும் டேஸ்16-ஐயும் அரசு ஏற்றது 2010-இல். இந்தக் குழப்பத்தில் உருவான கோப்பை யுனிகோடுக்கு மாற்ற, அது எந்த அடுக்கில் தட்டச்சானது என்று முதலில் தெரிய வேண்டும். பிறகு ‘கொ’வில் முன்னால் நிற்கும் கொம்பைப் பின்னால் நகர்த்தி, காலோடு சேர்க்க வேண்டும். அடுக்குப் பட்டியலை எல்லா நிறுவனங்களும் அன்றே வெளியிட்டிருந்தால் இதில் பாதிச் சிரமம் இருந்திருக்காது. பட்டியலைப் பூட்டிவைத்தவர்களின் குற்றம், கோப்பு வடிவத்தைப் பூட்டிவைத்தவர்களின் குற்றத்துக்குக் குறைந்ததல்ல.

என் தீர்ப்பு இது. புதிய பதிப்பு பழைய வடிவத்தில் சேமிக்க மறுக்கலாம். பழைய வசதிகளைக் கைவிடலாம். கோப்பைத் தனிமைப்படுத்திக் காட்டலாம். படிப்பதற்கான வழியை மட்டும் அடைக்கக் கூடாது. அதைச் சுமக்க விருப்பமில்லை என்றால், வடிவத்தின் விவரக்குறிப்பை வெளியிட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். அடோபி அப்படிச் செய்யாததால்தான், 2014-இல் தொடங்கிய டாக்குமென்ட் லிபரேஷன் புராஜெக்டின் தன்னார்வலர்கள் பேஜ்மேக்கர் கோப்பை வெளியிலிருந்து ஆராய்ந்து, அதைப் படிக்கும் நிரலை எழுத வேண்டியிருந்தது. அந்த நிரலின் உதவியால் லிப்ரே ஆபீஸ் இன்று ஓரளவு அவற்றைத் திறக்கிறது. பக்க அமைப்பு குலையும், ஆனால் வாசகம் கைக்குக் கிடைக்க வழியுண்டு. கோப்பை உருவாக்கிய நிறுவனத்தின் மென்பொருள் மறுப்பதை, அதனால் பத்துப் பைசா லாபமில்லாதவர்கள் செய்துகாட்டிவிட்டார்கள். பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள் என்ற வாதம் இதன் முன் நிற்காது.

அடுத்த வழக்கும் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரின் ஆதரவு 2026 அக்டோபரில் முடிகிறது. அதன்பின் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாதாரர்கள் பப்ளிஷர் கோப்புகளைத் திறக்கவே முடியாது. முன்கூட்டியே அறிவித்தது பேஜ்மேக்கருக்குக் கிடைக்காத நல்ல நடத்தை. ஆனால் ஒவ்வொரு கோப்பையும் பி.டி.எஃப்.-ஆக மாற்றிக்கொள்ளும் வேலை பயனர் தலையில் விழுந்திருக்கிறது. மாற்றியதைத் திருத்துவதும் கடினம். அழைப்பிதழும் செய்திமடலும் பப்ளிஷரில் செய்துவைத்திருக்கும் பள்ளிகளும் சங்கங்களும் கெடு முடிவதற்குள் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்: பக்கம் அப்படியே நிற்க ஒரு பி.டி.எஃப்., வாசகம் தனியே யுனிகோடில் ஒன்று.