ஒரு சொல், இரு பொருள்

திருமறையின் கருத்தைத் தாய்மொழியில் அறியும் வேட்கை நம் இல்லங்களில் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், ஒரே ஒரு தர்ஜமாவைக் கையில் வைத்துக்கொண்டு, 'குர்ஆன் கூறுவது இதுவே' என முடிவு கட்டும் போக்கும் உடன் வளர்வதைக் காண்கிறோம். அது சரியன்று என்பதற்கு ஒரு சான்று காட்ட விழைகிறோம்.

தலாக் சொல்லப்பெற்ற பெண்கள் மூன்று 'குரூஉ' காத்திருக்க வேண்டுமென அல்பகரா அத்தியாயத்தின் 228ஆம் ஆயத்து விதிக்கிறது. அரபு மொழியில் இச்சொல் மாதவிலக்கையும் குறிக்கும். இரு மாதவிலக்குகளுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலத்தையும் குறிக்கும். உமர் (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) ஆகியோர் முன்னதைக் கொண்டனர். ஆயிஷா (ரலி), ஸைத் இப்னு ஸாபித் (ரலி) ஆகியோர் பின்னதைக் கொண்டனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) முந்தியோர் வழியும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) பிந்தியோர் வழியும் சென்றனர்.

இரு பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல் பிற மொழிகளில் கிடைப்பதரிது. எனவே மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 1930இல் வெளிவந்த பிக்தாலின் ஆங்கில மொழிபெயர்ப்பு மாதவிலக்கு என்றே உரைக்கிறது. ஷாஃபிஈகள் மிகுந்த இந்தோனேசியாவில் அரசின் சமயத் துறை வெளியிட்ட மொழிபெயர்ப்போ, 'குரூஉ' என்னும் அரபுச் சொல்லையே நிறுத்திக்கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு, 'ஏன் இந்த வேறுபாடு?' என்னும் வினா எழும். ஒன்றை மட்டும் படித்தவர்க்கு அது எழவே எழாது.

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. தூய்மைக் காலத்தில் தலாக் பெற்றவளுக்கு, ஷாஃபிஈ மத்ஹபின்படி மூன்றாம் மாதவிலக்கு தொடங்கியதும் இத்தா முடிந்துவிடுகிறது. ஹனஃபி மத்ஹபின்படி அம்மாதவிலக்கு நீங்கிய பின்னரே முடிகிறது. இடையிலுள்ளவை சில நாள்களே. ஆயினும், கணவன் அவளை மீட்டுக்கொள்ளும் உரிமையும், அவளது மறுமணம் செல்லுமா என்பதும் அந்நாள்களில்தாம் அடங்கியுள்ளன. இரு மத்ஹபினரும் கொள்வினை கொடுப்பினையுடன் வாழும் தமிழகத்தில், ஒற்றைத் தர்ஜமாவைக் காட்டி ஒரு பெண்ணை 'குர்ஆனுக்கு மாறு செய்தாள்' எனப் பழிப்பது எத்துணை பெரும் அநீதி!

ஆகவே, மொழிபெயர்ப்போர் தாம் தேர்ந்த பொருளோடு விட்ட பொருளையும் அடிக்குறிப்பில் காட்டுதல் கடமை. படிப்போர் பல தர்ஜமாக்களை ஒப்புநோக்குதல் நலம். மனத்துக்கு உகந்ததைப் பொறுக்கிக்கொள்வதற்கு அன்று. எவ்விடத்தில் ஆலிமை நாடிக் கேட்க வேண்டுமென அறிந்துகொள்வதற்கே. வல்ல அல்லாஹ் நமக்கு விளக்கத்தையும் பணிவையும் ஒருங்கே அருள்வானாக!