கெடாவின் ஊர்களும் கடல் கடந்த கிரந்தங்களும்

சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் வழியாகக் குரூண் வரையிலும், தென்கிழக்கே பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வரையிலும் பரந்து கிடக்கும் மலேசியாவின் தென்கெடா, சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் ரப்பர்த் தோட்டங்களாலேயே உருவம் பெற்றது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமும் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் கள்ளுக்கடையும் சேர்ந்து ஓர் ஊராக இருந்த அந்த அமைப்பு, 1950-களில் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற துண்டாடலாலும், பின்னர் செம்பனையாலும், அதற்கும் பின்னர் எழுந்த தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகளாலும் தொழிற்பேட்டைகளாலும் ஒவ்வொன்றாகக் கலைய, அதில் வாழ்ந்தோர் தாங்கள் வேண்டியும் வேண்டாமலும் பட்டணவாசிகளாயினர். தோட்டம் நகரமாகும் இந்த நிகழ்ச்சி நகரவியல் என்னும் சாஸ்திரத்துக்கு மிகவும் உரிய பொருள் என்பதில் இருவேறு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆயினும் அத்துறையில் பெயர்பெற்ற பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் கிரந்தங்களில் தென்கெடா ஓர் அடிக்குறிப்பாகவோ, அட்டவணையின் ஒரு வரியாகவோ வருகிறதேயன்றி, முதற்பொருளாக வருவது அரிது. இந்தக் குறை ஆசிரியர்களின் அசிரத்தையால் மட்டும் நேர்ந்ததன்று. ஆராய்ச்சி நூல்களைப் பிரசுரிக்கும் முறையிலேயே அதற்குக் காரணங்கள் உள்ளன.

அம்முறையின் பெருமையை முதலில் மனமாரச் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் அளிக்கும் பிரதியை, இன்னாரென்று அவருக்குத் தெரியாத அறிஞர் இருவரேனும் வரிவரியாகப் படித்து ஆட்சேபங்களை எழுதி, அவற்றுக்கு ஆசிரியர் சமாதானம் சொல்லி, அதன் பின்னரே பதிப்புக் குழு சம்மதம் தருவதென்னும் வழக்கம், காலதாமதத்தைத் தந்தாலும் நம்பகத்தையும் தருகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1969-இல் வெளியிட்ட கெர்னியல் சிங் சாந்துவின் நூல், 1786 முதல் 1957 வரை மலாயாவுக்கு வந்த இந்தியரின் குடியேற்றத்தைப் படங்களாலும் புள்ளிவிவரங்களாலும் நிறுவிய பான்மையால், அரை நூற்றாண்டு கடந்தும் எவரும் தாண்டிச் செல்ல இயலாத ஆதாரமாக நிற்கிறது. 1947-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் தொழிலாளர் அமைப்பினர் நடத்திய எழுச்சியை, வாய்மொழியாகவே விட்டிருந்தால் மிகைப்படுத்தியோ மறுத்தோ பேசப்பட்டு மங்கிப் போயிருக்கக்கூடிய அந்தச் சரித்திரத்தை, மைக்கேல் ஸ்டென்சன் 1980-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்ட நூலில் உலக அறிஞர் முன் வைத்தார். பரிசோதனைக்கு உட்பட்ட எழுத்துக்குள்ள இந்த உறுதியை நாம் ஒருபோதும் குறைத்து மதிக்கலாகாது.

இனிக் குறைகளுக்கு வருவோம். அவற்றுள் அதிகம் பேசப்படாததும் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதும் ஊர்ப்பெயரை மறைக்கும் வழக்கம். 1978 முதல் 1980 வரை கெடாவின் முடா சமவெளியில் ஒரு நெல்விளை கிராமத்தில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட்டின் நூல், 1985-இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளிவந்து உலகெங்கும் பயிலப்படுகிறது. அதில் அவ்வூரின் பெயர் 'செடாக்கா' என்று மாற்றப்பட்டிருக்கிறது. அதே பதிப்பகம் 1970-இல் வெளியிட்ட ரவீந்திர ஜெயினின் நூலும், மலாயாவின் தமிழ்த் தோட்டமொன்றைப் 'பால் மெலாயு' என்னும் புனைபெயராலேயே குறிக்கிறது. மனம் திறந்து பேசிய ஏழையை, துரையின் சினத்திலிருந்தும் கிராணி என்னும் தோட்ட எழுத்தரின் பகையிலிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்பதே இவ்வழக்கத்தின் நோக்கம். அது தர்மமான நோக்கம். ஆனால் நெல்விளை கிராமத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் இவ்விஷயத்தில் பெருத்த பேதம் உண்டு. கிராமம் புனைபெயரில் எழுதப்பட்டாலும், நிலம் குடிகளுடையதாதலால், அங்கேயே இருக்கிறது. தோட்டமோ கம்பெனியின் சொத்து. விற்கப்பட்ட மறு ஆண்டே லயம் இடிக்கப்படலாம், கோயில் வேறிடம் போகலாம், பழைய பெயரைத் துடைத்துவிட்டு ஏதேனும் ஒரு தாமானின் பெயர் பலகையில் ஏறலாம். அங்ஙனம் மறைந்த ஊருக்கு எஞ்சியிருக்கும் ஒரே விரிவான சாசனம் பொய்ப்பெயரில் இருக்குமானால், அங்கே பால் வெட்டிய பாட்டியின் பேரன் அந்நூலைக் கையில் எடுத்தாலும் தன் ஊரை அதில் அடையாளம் காண வழியில்லை. ஒரு தலைமுறைக் காலம் கழிந்ததும் மெய்ப்பெயரை மறுபதிப்பில் வெளியிடலாம் என்று ஒரு விதியைப் பதிப்பகங்கள் செய்துகொண்டால், காத்தலும் நடக்கும், சரித்திரமும் பிழைக்கும்.

அடுத்தது, துறைகளைக் கூறுபோடும் வழக்கம். பதிப்பகங்கள் நூல்களைத் தொடர் தொடராக வகுத்து வெளியிடுவதால், நகரத்தைப் பற்றியது ஒரு தொடரிலும் தோட்டத்தைப் பற்றியது வேறொரு தொடரிலும் போய் விழுகிறது. டி. ஜி. மெக்கீ 1967-இல் தென்கிழக்காசிய நகரத்தைப் பற்றி எழுதிய நூலும், லிம் ஹெங் கோவ் 1978-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்ட நகர அமைப்பின் வளர்ச்சி பற்றிய நூலும் பயனுள்ளவையே. எனினும் அவற்றின் கண் பட்டணத்தின் மேல் பதிந்தது. உங்கு அஸீஸின் 1962-ஆம் ஆண்டுத் துண்டாடல் ஆராய்ச்சியின் கண் தோட்டத்தின் மேல் பதிந்தது. இரண்டுக்கும் நடுவே, லயத்தை விட்டு வெளியேறிய குடும்பம் பட்டணத்தின் விளிம்பில் வந்து நின்ற இடம் எவர் பார்வைக்கும் முழுமையாக அகப்படவில்லை. உதாரணமாக, 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு முதன்முதலாக வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். தொழிலாளர்கள் தங்கள் குடியிருப்பை இழவாமல் காத்துக்கொள்ள முயன்ற அச்செயல், எந்த நகரவியல் பாடத்திலும் ஓர் அதிகாரமாக நிற்கத் தக்கது. ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் 2014-இல் ஹவாயிப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாக இவ்வெல்லையைத் துணிந்து கடந்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அவர் நோக்கியது தலைநகரைச் சூழ்ந்த தோட்டங்களையே. 1996-இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பின் முகம் மாறிய கூலிம் வட்டாரத்துக்கு, நானறிந்த வரையில், அத்தகைய நூல் இன்னும் வாய்க்கவில்லை.

விலையையும் மொழியையும் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. சில நூறு பிரதிகளே அச்சிட்டு, மேல்நாட்டு நூலகங்களுக்கு டாலர் விலையில் விற்கும் கணக்கில் பிறந்த நூல், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் மேசைக்கு வாராது. இதனால் விளையும் நஷ்டத்துக்குப் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கே சாட்சி. குவாரிட்ச் வேல்ஸ் 1936, 1937 ஆண்டுகளில் அங்கே அகழ்ந்து கண்டவற்றை 1940-இல் ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளைச் சஞ்சிகையில் எண்ணிட்டு விவரித்தார். அலஸ்டேர் லாம்ப் 1960-இல் புக்கிட் பத்து பாகாட் சண்டி என்னும் பழங்கோயிலைப் பற்றித் தனி நூலே எழுதினார். இவ்வளவும் அச்சில் இருந்தும், 2013-இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தவர்கள் 11-ஆம் எண்ணிட்ட சண்டியை இடித்துத் தள்ளினர். தனியார் நிலம், பாதுகாப்புப் பட்டியலில் சேராத இடம் என்பவை சட்டப்படியான காரணங்கள். ஆயினும் அந்த எண்ணும் இடமும் அக்கம்பக்கத்துக் குடிகளுக்குத் தெரிந்த சங்கதியாக இருந்திருந்தால், இயந்திரம் நிலத்தில் இறங்கிய அன்றே யாரேனும் குரல் எழுப்பியிருப்பர் என்று நினைக்க இடமுண்டு.

இவ்விடத்தில் நம்மவர் பிரசுரங்களையும் அதே துலாக்கோலில் நிறுக்காமற் போவது நியாயமாகாது. ஆசிரியரே அச்சுக்கூலி கொடுத்து, வெளியீட்டு விழாவில் தனவந்தர் ஒருவர் முதல் நூலைப் பெரும்பொருள் கொடுத்துப் பெற்று, அந்தக் கொடையால் கடன் அடைவது மலேசியத் தமிழ் நூலுலகின் வழக்கம். சமுதாயமே தன் நூலைத் தாங்குகிறது என்ற வகையில் இது போற்றத்தக்கது; கும்பாபிஷேக மலர்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் தோட்டங்களின் பெயரும் கங்காணிகளின் பெயரும் பிழைத்திருப்பது இவ்வழக்கத்தின் புண்ணியம். 2006-இல் தமிழில் வெளிவந்த ஜானகிராமன் மாணிக்கத்தின் 'மலேசிய இந்தியர்களின் இக்கட்டான நிலை' பின்னர் ஆங்கிலத்துக்குப் போனதும் நினைவிற்கொள்ளத் தக்கது. ஆனால் வெளியாள் ஒருவர் படித்துத் திருத்தாத நூல்களே பெரும்பாலும் அச்சேறுகின்றன; ஆண்டுகள் முரண்படுகின்றன, செய்தி எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்பு இல்லை, நிலப்படம் இல்லை, பொருளடைவு இல்லை. மேடையில் வாழ்த்துரை கிடைக்கிறது, ஆட்சேபம் கிடைப்பதில்லை. பிறர் ஆட்சேபத்துக்கு அஞ்சும் நூல் அடுத்த தலைமுறையின் ஆராய்ச்சிக்கு ஆதாரமாக நிற்காது என்பதை நம் எழுத்தாளர்கள் உணர வேண்டும்.

ஆகவே, பரிசோதனையைக் கைவிடாமல் பரிசோதிப்போரை விரிவாக்குவதே வேண்டுவது. கெடாவைப் பற்றிய பிரதியைப் படிக்கும் இருவருள் ஒருவராயினும் அவ்வட்டாரத்தை வாழ்ந்து அறிந்தவராக இருக்கட்டும்; அவர் பேராசிரியராக இருக்க வேண்டுமென்பதில்லை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ பழைய தொழிற்சங்கச் செயலாளரோ போதும். நூல் வெளியான சில ஆண்டுகளுக்குள் மலிவான தமிழ்ச் சுருக்கப் பதிப்பொன்று வரும்படி ஒப்பந்தத்திலேயே ஒரு விதி சேரட்டும். சிந்தோக்கில், 1984-இல் நிறுவப்பட்ட வடமலேசியப் பல்கலைக்கழகமும், செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இன்றைய தாமான்கள் ஒவ்வொன்றும் எந்தத் தோட்டத்தின் எந்த டிவிஷனில் எழுந்தது என்பதை, பழைய நில அளவைப் படங்களோடும் மலர்களோடும் ஒப்பிட்டு, பெயர் மாறாமல் குறிக்கும் ஒரு படநூலை இவ்விரண்டும் சேர்ந்து தொடங்கலாம். எல்லைக்கற்களை நேரில் கண்ட முதியோர் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் இன்னும் இருக்கின்றனர்; அவர்களிடம் கேட்பதற்கு மேல்நாட்டுப் பதிப்பகம் எதனுடைய சம்மதமும் தேவையில்லை.