லாஸ் ஏஞ்சலஸ் ஊடகங்களும் ஒரு பெயரடையும்

அமெரிக்கப் பெருநகரங்களில் ஆங்கிலமல்லாத மொழிகளில் வெளிவரும் இதழ்களையும் ஒலி, ஒளிபரப்புகளையும் 'இனக்குழு ஊடகம்' என ஒருசேர வகைப்படுத்தும் வழக்கம் ஆய்வாளரிடையே நிலவுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு இவ்வகைப்பாடு பொருந்துமாறில்லை. அங்கு 'லா ஒப்பினியோன்' என்னும் ஸ்பானிய நாளிதழ் 1926இல் தொடங்கப்பெற்றது, கே.எம்.இ.எக்ஸ். தொலைக்காட்சி 1962இல் தோன்றியது. 1992 இறுதியில் நேயர் கணிப்பில் நகரின் முதலிடத்தைப் பெற்றது கே.எல்.ஏ.எக்ஸ். என்னும் ஸ்பானிய வானொலியே. முதலிடத்தில் நிற்பதைக் குழுவினுடையது என்பது எங்ஙனம்?

குடியேற்றச் சட்ட வரைவொன்றை எதிர்த்து 2006 மார்ச் 25 அன்று நடந்த பேரணியில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் திரண்டனர் என்பது காவல்துறையின் மதிப்பீடு. வெள்ளுடை உடுத்தி, அமெரிக்கக் கொடியேந்தி வருமாறு அழைத்தோர் ஸ்பானிய வானொலியின் காலை நிகழ்ச்சி அறிவிப்பாளர்கள். ஆங்கில ஊடகத்தை மட்டும் நம்பியிருந்தோர்க்கு அது எதிர்பாராத நிகழ்ச்சி. இரு மொழிக்கும் இடையே நின்று எழுதியவர் இலரல்லர். கே.எம்.இ.எக்ஸ். செய்தி இயக்குநராக இருந்துகொண்டே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் பத்தி எழுதிய ரூபன் சலாசார் அவர்களுள் ஒருவர். 1970 ஆகஸ்டு 29 அன்று போர் எதிர்ப்புப் பேரணியை ஒட்டி, காவலர் ஒருவர் எறிவித்த கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி உயிரிழந்தார்.

இப்பிளவு சொல்லிலும் உண்டு. ஆங்கில ஏடுகள் 'சட்டவிரோத' என்னும் அடையைக் குடியேறியவர்மீதே ஏற்றிவந்தன. ஸ்பானிய ஊடகமோ 'ஆவணமற்றவர்' எனப் பொருள்படும் 'இந்தோக்குமெந்தாதோ' என்பதைப் பெரிதும் ஆண்டது. 2013 ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அவ்வடை செயலைக் குறிக்கலாம், ஆளைக் குறித்தலாகாது என விதித்தது. மறுமாதம் டைம்ஸ் நாளிதழும் அதனைக் கைவிட்டது. எனினும் 'ஆவணமற்றவர்' என்பதையும் அது ஏற்கவில்லை. கடவுச்சீட்டு உடையோரும் அவருள் உளர் என்பது அதன் வாதம். வாதம் நேர்மையானதே.

தமிழ் ஏடுகள் ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் வழியே 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று எழுதுகின்றன. அந்நகரில் ஒரு தரப்பு வழங்கிப் பின் தானே விலக்கிய சொல்லை நாம் நடுநிலைச் சொல்லாகக் கொண்டுள்ளோம். இதற்குத் தேவையும் இல்லை. 'அனுமதியின்றிக் குடியேறியோர்' என்பதில் 'குடியேறியோர்' வினையாலணையும் பெயர்; 'அனுமதியின்றி' அதனுள் நிற்கும் வினையையே தழுவுகிறது, ஆளை அன்று. ஆங்கிலப் பதிப்பாசிரியர் விதி வகுத்துப் பெற முயன்ற வேறுபாடு தமிழில் இலக்கணத்தாலேயே கிடைக்கிறது. அனுமதியுடன் வந்து தவணை கடந்தும் தங்கியோர்க்கு இத்தொடர் பொருந்தாது. அவர்க்குத் 'தவணை கடந்து தங்கியோர்' என்பதே தகும்.