யாருக்கு யார்? அமெரிக்க சிட்காம்களும் ரசிகர்களின் தீராத வழக்கும்

'சியர்ஸ்' தொடரின் ஐந்தாம் சீசனில், 1987 தொடக்கத்தில், ஒரு நீதிமன்றக் காட்சி வரும். சாம் மலோன் தன்னைத் தாக்கியதாக டயான் சேம்பர்ஸ் வழக்குப் போட்டிருப்பாள். இருவர் பேச்சையும் கேட்டுச் சலித்துப்போன நீதிபதி, இந்தப் பெண்ணிடம் மறுபடியும் 'என்னைக் கட்டிக்கொள்கிறாயா' என்று கேள், இல்லையென்றால் சிறைதான் என்று சொல்லிவிடுவார். சாம் கேட்பான், அவளும் சம்மதிப்பாள். ஐந்து ஆண்டுகளாகப் பார்வையாளர்கள் ஏங்கியது சட்டத்தின் கையால் நிறைவேறியது. ஆனால் அந்த சீசன் முடிவதற்குள் கல்யாணம் நின்றுபோனது. டயானாக நடித்த ஷெல்லி லாங் தொடரைவிட்டே விலகினார். அந்த இருவரும் சேர்ந்திருக்க வேண்டுமா, பிரிந்ததுதான் சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

கதாபாத்திரங்களுக்கு ஜோடி சேர்த்துச் சண்டை போடுவது தொலைக்காட்சி கண்டுபிடித்த பழக்கம் அல்ல. லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' முதல் பாகம் 1868இல் வந்ததும், நாயகி ஜோவை அடுத்த வீட்டு லாரிக்குத்தான் கட்டிவைக்க வேண்டும் என்று வாசகிகள் கடிதம் மேல் கடிதமாக எழுதினார்கள். எரிச்சலடைந்த ஆல்காட் அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் ஜோவை நடுத்தர வயது ஜெர்மன் பேராசிரியர் ஒருவருக்கு மணமுடித்து வைத்தார். ரசிகர்கள் கேட்பதும் ஆசிரியர் மறுப்பதும் முடிவு யாருக்கும் திருப்தி தராததும் அப்போதே தொடங்கியாயிற்று.

இன்று இந்தச் செயலுக்கு வழங்கும் 'ஷிப்பிங்' என்ற பெயர் 1990களில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' ரசிகர்களிடமிருந்து வந்தது. ஆய்வுலகில் ஹென்றி ஜென்கின்ஸின் 'டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்' நூலும் கமில் பேகன் ஸ்மித்தின் 'என்டர்ப்ரைசிங் விமன்' நூலும் 1992இல் வெளியாகி, ரசிகர் பண்பாட்டைப் பொருட்படுத்தத் தக்க துறையாக்கின. அவற்றின் கவனம் பெரும்பாலும் 'ஸ்டார் ட்ரெக்' போன்ற அறிவியல் புனைவுகளின் பக்கமே இருந்தது. சிட்காமைப் பின்னால் வந்தவர்களும் சற்று இளக்காரமாகவே நடத்தினார்கள் என்பது என் மனக்குறை. உண்மையில் ஜோடி வாதத்துக்கு இதைவிட வளமான நிலம் வேறில்லை. விண்கலத் தொடரில் காதல் ஓரமாக நடக்கும். சிட்காமில் சோபாவும் மேசையும் அதே ஐந்தாறு முகங்களும்தான் உண்டு. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைத் தவிர நிகழ்வதற்கு அங்கே வேறு என்ன இருக்கிறது?

ஆரம்பகால சிட்காம்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யிலும், பத்தாண்டு கழித்து வந்த 'தி டிக் வான் டைக் ஷோ'விலும் நாயகனும் நாயகியும் முதல் நாளே கணவன் மனைவி. 1970இல் 'தி மேரி டைலர் மூர் ஷோ' வந்தபோதுதான் நிலைமை மாறியது. மேரி ரிச்சர்ட்ஸை விவாகரத்தானவளாகக் காட்டவே முதலில் திட்டமிட்டார்கள். முந்தைய தொடரில் நடிகை மூர் டிக் வான் டைக்கின் மனைவியாக நடித்திருந்ததால், அவரையே விவாகரத்து செய்துவிட்டாள் என்று மக்கள் எண்ணிவிடுவார்கள் என்று சிபிஎஸ் நிறுவனம் அஞ்சியது. அதனால் மேரி மணமாகாதவள் ஆனாள். முப்பது வயது, வேலைக்குப் போகும் பெண், கட்டாயக் காதலன் கிடையாது. உடனே பார்வையாளர்களின் கண் அவள் அலுவலகத்தில் சுற்ற ஆரம்பித்தது. முரட்டு மேலதிகாரி லூ கிராண்ட் பொருத்தமாக இருப்பாரோ?

ஏழு ஆண்டுகள் அந்தக் கேள்வியைத் தொடாமல் வைத்திருந்த எழுத்தாளர்கள், 1977 மார்ச்சில், கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய வாரம் அதற்குப் பதில் சொன்னார்கள். லூவும் மேரியும் ஒரு மாலை சந்திக்கிறார்கள், முத்தமிட முயல்கிறார்கள், பாதியில் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. சிரித்து முடித்ததும் பழையபடி அலுவலகப் பேச்சு. இந்தத் துறையின் மிகச் சிறந்த தீர்ப்பு அந்தச் சிரிப்புதான் என்பேன். ரசிகரின் ஆசையை ஏளனம் செய்யாமல் சோதித்துப் பார்த்து, இல்லை என்று சொன்ன காட்சி அது. நடிகர்கள் ஏழாண்டு காலம் அந்த உறவை உடலில் சுமந்திருந்ததால்தான் அது அவ்வளவு இயல்பாக வந்தது.

ஐந்தாண்டு கழித்து, 1982 செப்டம்பரில், பாஸ்டன் மதுக்கூடம் ஒன்றில் 'சியர்ஸ்' தொடங்கியது. ஸ்பென்சர் டிரேசியும் கேதரின் ஹெப்பர்னும் திரையில் மோதிக்கொண்ட அந்தப் பாணிதான் தங்கள் மனதில் இருந்தது என்று அதன் படைப்பாளிகள் சொல்லியிருக்கிறார்கள். சாம் முன்னாள் பேஸ்பால் வீரன், குடியை விட்டுவிட்டு மதுக்கூடம் நடத்துபவன். டயான் படித்தவள், அந்தப் படிப்பை ஒரு நிமிடமும் மறக்காதவள். முதல் அத்தியாயத்தில் அவளை அழைத்துவந்த பேராசிரியர் சம்னர், தன் பழைய மனைவியிடமிருந்து மோதிரத்தை வாங்கி வருகிறேன் என்று போனவர் திரும்பவே மாட்டார். அவள் அங்கேயே பரிமாறுபவளாகிவிடுவாள். ஐந்தாண்டு கழித்துக் கல்யாணம் நெருங்கும்போது அதே சம்னர்தான், உன் எழுத்தைப் பதிப்பிக்க வாய்ப்பு இருக்கிறது என்ற செய்தியோடு வந்து நிற்பார். ஆறு மாதத்தில் வருகிறேன் என்று கிளம்பிய டயான் திரும்பி வருவது 1993 மே மாதம், தொடரின் கடைசி அத்தியாயத்தில். அப்போதும் இருவரும் விமானம் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இது சரிப்படாது என்று தெளிகிறார்கள்.

சாம் - டயான் கட்சிக்காரர்கள் இதைத் துரோகம் என்பார்கள். அவர்களுடைய சான்றுகள் வலுவானவை: முதல் இரண்டு சீசன்களின் வசனக் கூர்மை, ஒருவர் முன் ஒருவர் மெல்ல மாறுவது. எதிர்க்கட்சி இரண்டாம் சீசன் இறுதியை எடுத்துக்காட்டும். இருவரும் மாறி மாறி அறைந்துகொண்டு மூக்கைப் பிடித்துத் திருகும் காட்சி அது. அன்று அரங்கம் சிரித்தது. இன்று பார்ப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு நெருடுகிறது. எனக்கு எதிர்க்கட்சியின் முடிவுதான் சரியென்று படுகிறது. காரணம் அறை அல்ல. ஒவ்வொரு முறை சேர்ந்த பிறகும் அவர்களுக்குப் பேச எதுவும் இல்லாமல் போய்விடுகிறது. ஒருவரை ஒருவர் திருத்தும் வேலை தீர்ந்ததும் காதலும் தீர்ந்துவிடும் ஜோடி அது.

டயான் போன பின் வந்த ரெபெக்காவைச் சாமோடு சேர்த்துப் பார்த்தார்கள். 1991 வாக்கில் இருவரும் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றுகூடக் கதை போனது. ஒட்டவில்லை, கைவிட்டார்கள். ரெபெக்கா கடைசியில் ஒரு பிளம்பரை மணந்தாள். அந்த பிளம்பருக்காக யாரும் வாதாடிப் பார்த்ததில்லை.

ஜோடியை ஏன் இவ்வளவு காலம் இழுத்தடிக்கிறார்கள்? அந்த நாளைய அமெரிக்க சிட்காம் ஆண்டுக்கு இருபத்திரண்டு, இருபத்து நான்கு அத்தியாயம் எடுத்தது. அடுத்த ஆண்டு உண்டா என்பது பெரும்பாலும் மே மாதம்தான் தெரியவந்தது. எனவே மே மாதத்தில் ஒரு கல்யாணமோ, கல்யாணம் நின்றுபோவதோ வேண்டியிருந்தது. முடிவு எப்போது வரும் என்று தெரியாமல் எழுதப்பட்ட காதல் கதை அது. அதோடு, சேர்த்துவைத்தால் தொடர் படுத்துவிடும் என்றொரு பயமும் உண்டு. 'மூன்லைட்டிங்' தொடரில் டேவிடும் மேடியும் 1987 மார்ச்சில் இணைந்தார்கள், தொடர் இரண்டே ஆண்டில் முடிந்தது என்பதை ஆதாரமாகக் காட்டுவார்கள். மேடியாக நடித்த சிபில் ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்ததையும், டேவிடாக நடித்த புரூஸ் வில்லிஸ் 'டை ஹார்ட்' படத்துக்குப் போனதையும், 1988இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள். அந்தச் 'சாபம்' சோம்பேறித் தயாரிப்பாளர்களுக்கு வசதியான மூடநம்பிக்கை.

அது மூடநம்பிக்கைதான் என்பதற்கு 'ஃப்ரேசியர்' நேர்ச் சான்று. அதில் நாயகன் ஃப்ரேசியரின் தம்பி நைல்ஸ் ஆரம்பத் திட்டத்திலேயே இல்லாத பாத்திரம். நடிகர் டேவிட் ஹைட் பியர்ஸின் முகம், ஃப்ரேசியராக நடித்த கெல்சி கிராமரின் இளவயது முகத்தைப் போல இருந்ததால் பிறந்தவன். மூன்றாம் அத்தியாயத்தில், அண்ணன் வீட்டில் இருக்கும் டாஃப்னியைப் பார்த்த மாத்திரத்தில் விழுந்துவிடுகிறான். அதன்பின் ஏழு ஆண்டுகள் சொல்லாமலே வைத்திருந்தான். 2000 மே மாதத்தில், அவளுக்கு வேறொருவனோடு நடக்கவிருந்த திருமணத்தன்று இருவரும் ஓடிப்போகிறார்கள். சேர்ந்தபின் நைல்ஸின் வேடிக்கை குறைந்துவிட்டது என்பது ரசிகர்களில் ஒரு சாராரின் புகார். பாதி உண்மை. ஆனால் அந்தச் சமயத்தில் நடிகை ஜேன் லீவ்ஸ் கருவுற்றிருந்ததால், அதை மறைக்க டாஃப்னி எடை கூடிவிட்டாள் என்று கதை பண்ணினார்கள். பழுது அந்தக் கதையில்தான் இருந்தது, காதலில் அல்ல.

இந்த வழக்குகளின் தலைமை நீதிமன்றம் 'ஃப்ரெண்ட்ஸ்' (1994 - 2004). காதலர்களான ராஸும் ரேச்சலும் 1997 பிப்ரவரியில் ஓர் இரவு பிரிகிறார்கள். அந்த இரவே ராஸ் வேறொரு பெண்ணோடு இருந்துவிடுகிறான். அப்போது அவர்கள் பிரிந்திருந்தார்களா, இல்லையா? அந்த ஒரே கேள்வியில், குறளுரையில் மணக்குடவரிடமிருந்து பரிமேலழகர் மாறுபடுவதுபோல உரைகள் கிளைத்தன. சொன்ன சொல் என்ன, சொன்ன தொனி என்ன, கதவைச் சாத்தியது யார், நடுவில் வந்த தொலைபேசி அழைப்பில் பின்னணியில் கேட்டது யாருடைய குரல் என்று வரிவரியாகப் பார்த்தார்கள். மறுஒளிபரப்பும், பின்னர் டிவிடியும், 2015இல் நெட்ஃபிளிக்ஸும் வந்தபின் புதிய தலைமுறை வேறொரு கேள்வி கேட்டது: ரேச்சலின் வேலையிடத்துக்கே போய் மானத்தை வாங்கிய ராஸ் காதலனா, சந்தேகப் பிராணியா? 1997இல் பலரும் கடந்துபோன காட்சிகள் இன்று முதன்மைச் சான்றுகள்.

எனக்கு அதைவிடச் சுவையான வழக்கு அதே தொடரின் மோனிகா - சாண்ட்லர். தொடரைத் திட்டமிட்டபோது படைப்பாளிகள் மனதில் இருந்த ஜோடி மோனிகா - ஜோயி. 1998இல் லண்டனில் ராஸின் திருமண அத்தியாயத்தை எடுத்தார்கள். மோனிகாவும் சாண்ட்லரும் ஒரே படுக்கையிலிருந்து எழும் காட்சிக்கு ஸ்டுடியோவில் இருந்த பிரிட்டிஷ் ரசிகர்கள் போட்ட கூச்சலில் படப்பிடிப்பு தடைபட்டது. ஒரு நாள் கூத்தாக எழுதப்பட்ட காட்சி, அந்தக் கூச்சலுக்குப் பிறகு தொடரின் நிலையான தாம்பத்தியமாக வளர்ந்தது. 2001இல் ஓர் அத்தியாயம் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது: லண்டனில் அன்று மோனிகா தேடிப்போனது ஜோயியை. கைவிடப்பட்ட பழைய திட்டத்துக்குச் செலுத்திய நல்ல அஞ்சலி. அதற்கு மாறாக, கடைசி ஆண்டுகளில் திணித்த ஜோயி - ரேச்சல் காதலை நடிகர்களே முதலில் எதிர்த்ததாகப் படைப்பாளிகள் பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஜோயி தனியாக ஏங்கிய காட்சிகள் நன்றாகவே இருந்தன. பதிலுக்கு ரேச்சலும் ஏங்க ஆரம்பித்ததும் கதை நொண்டியது.

அரங்கத்தின் கூச்சலுக்குக் காது கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' காட்டியது. இரண்டாம் சீசனின்போதே, 2006இல், தங்கள் தாயைச் சந்தித்த கதையைச் சொல்லும் டெட்டிடம் அவன் பிள்ளைகள் 'நீங்கள் ராபினைத்தான் இன்னும் காதலிக்கிறீர்கள்' என்று சொல்லும் இறுதிக் காட்சியைப் படம்பிடித்துப் பூட்டிவைத்தார்கள். பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் அல்லவா! நடுவில் எட்டு ஆண்டு ஓடியது. ராபினுக்கும் டெட்டின் நண்பன் பார்னிக்கும் யாரும் எதிர்பாராத ஓர் இணக்கம் முளைத்தது. கடைசி சீசன் ஏறக்குறைய முழுவதும் அவர்களுடைய கல்யாண வார இறுதியிலேயே நடந்தது. 2014 மார்ச் 31 அன்று ஒளிபரப்பான முடிவில், அந்தத் தம்பதி சில நிமிடங்களில் விவாகரத்தாகிறார்கள், பிள்ளைகளின் தாய் இறக்கிறாள், டெட் ராபின் வீட்டு வாசலில் நிற்கிறான். ரசிகர்கள் கொதித்தார்கள். டிவிடியில் மாற்று முடிவு ஒன்று சேர்க்க வேண்டிவந்தது. அந்தக் கோபம் நியாயமானது. நடிகர்களுக்கிடையே எட்டாண்டில் விளைந்ததைவிடப் பெட்டிக்குள் இருந்த பழைய படச்சுருளை எழுத்தாளர்கள் பெரிதாக மதித்துவிட்டார்கள்.

'சைன்ஃபெல்ட்' இந்தக் களத்திலிருந்தே நழுவிய தொடர். ஜெர்ரியையும் எலைனையும் சேர்த்துவைக்கச் சொல்லி ஒளிபரப்பு நிறுவனமான என்பிசி நெருக்கியபோது, 1991இல் ஒரே ஓர் அத்தியாயத்தில் சேர்த்துவைத்துவிட்டு, அடுத்ததில் அப்படியொன்று நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் 'மேஷ்' தொடரின் ஹாக்கையும் மார்கரெட்டும் தனிக் கதை. 1977இல் குண்டுவீச்சுக்கு நடுவே ஓர் இரவு, 1983இல் கடைசி அத்தியாயத்தில் நீண்ட முத்தம், பிறகு அவரவர் வழி. எதையும் வாய்விட்டுச் சொல்லாததால் இரண்டு கட்சிக்கும் போதுமான சான்று கிடைத்தது. ஹாக்கையின் ஆழ்ந்த பாசம் நண்பன் பி.ஜே. மீதுதான் என்று வாதிடும் மூன்றாம் கட்சிக்கும் அங்கே இடம் உண்டு.

இந்த வாதங்களைப் பொழுதுபோகாதவர்களின் வேலை என்று தள்ளுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடைப்பட்ட நொடியை இவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கும் வாசகர் நாவலுக்கே அரிதாகத்தான் கிடைப்பார். ரசிகர்கள் தவறும் இடம் வேறு: காத்திருந்த காலத்துக்குக் கூலியாகக் கல்யாணத்தைக் கேட்பார்கள். ராஸ் - ரேச்சல் கட்சியின் கடைசி வாதம் பெரும்பாலும் அதுதான், பத்து வருடம் ஆயிற்றே என்பது. பத்து வருடம் ஆனதால் எந்த ஜோடியும் பொருந்திவிடாது. இந்தத் துறைக்குள் புதிதாக நுழைபவர் 'ஃப்ரெண்ட்ஸி'ல் தொடங்க வேண்டாம். முதலில் லூவும் மேரியும் சிரிக்கும் அந்த அத்தியாயத்தைப் பாருங்கள். அடுத்து 'சியர்ஸி'ன் முதல் இரண்டு சீசன்களையும் கடைசி அத்தியாயத்தையும் பாருங்கள். அதன் பிறகு எந்தக் கட்சியில் சேருவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.