படத்துக்குள் வந்து விழுந்தவர்கள்

காலை ஏழரை மணிக்குச் சங்ககிரியைக் கடந்து போகும் கல்லூரிப் பேருந்துகள் திருச்செங்கோடு, குமாரபாளையம், சேலம் என்று பிரிந்து செல்கின்றன. அவற்றில் லாரித் தொழில் வீடுகளிலிருந்தும் தறி வீடுகளிலிருந்தும் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய செல்போனில் சேர்வது என்ன? விடுதிச் சாம்பார், கடைசி பெஞ்சில் தூங்கும் நண்பன், பேருந்து நிலையத்தில் எதிர்பாராமல் எதிர்ப்பட்ட பள்ளித் தோழி. இவற்றைக் குப்பை என்று தள்ளுவது எளிது. ஆனால் ஆவணம் என்ற வகையில் இவை புதியவை. முந்தைய தலைமுறையின் கல்லூரி வாழ்வில் மிஞ்சியதெல்லாம் படிக்கட்டில் வரிசையாக நின்ற குரூப் போட்டோவும் ஸ்டுடியோத் திரையும்தான். இரண்டிலும் ஆள் இருப்பார், அன்றாடம் இருக்காது. சங்ககிரிக் கோட்டையைத் திப்புவின் படைக்காகவும் 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதற்காகவும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அதே மதிலின் நிழலில் நான்கு பேர் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்ததைக் குறித்துவைக்க இந்தச் செல்போன்தான் வரவேண்டியிருந்தது. தற்செயலைப் பிடிப்பதையே கலையாக்கிய புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸோன் 1952இல் தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டபோது, அதற்கு ஒரு லைக்கா கேமராவும் பல ஆண்டுப் பயிற்சியும் தேவைப்பட்டன. இன்று அந்த வாய்ப்பு ஒரு மாணவியின் கையில் இருக்கிறது. தேதியும் பெயரும் குறிக்காமல் எடுத்துக் குவிப்பதும், போன் உடைந்தால் எல்லாம் போவதும் குறைகள்தான். சற்றே ஒழுங்கு வந்தால் அவை தீரும்.

தீராத குறை வேறு. தற்செயலாக எடுத்த படத்தில் தற்செயலாக வந்து விழுந்தவருக்கு அந்தப் படத்தின் மேல் எந்த உரிமையும் இல்லை. படம் எடுத்தவரின் ஸ்டேட்டஸை நண்பர்கள் மட்டும் பார்ப்பதில்லை. ஊர்க்காரர், ஒன்றுவிட்ட மாமா, பேருந்து ஓட்டுநர் என்று எண் பதிந்த எல்லோரும் பார்க்கிறார்கள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பது ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும் பொருந்தும் ஆறுதல். மேலும், இந்த வட்டாரத்தில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது சும்மா பார்த்துவிட்டுப் போகும் விஷயமல்ல. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த பொறியியல் பட்டதாரி இளைஞர் கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அவர் பட்டியல் சாதி, அந்தப் பெண் வேறு சாதி. ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருக்கும் காட்சியைச் சாதிக் கண்ணால் வாசிக்கிறவர்கள் இருக்கும் ஊரில், அதே காட்சியைப் படமாக்கி நூறு பேருக்கு அனுப்புவது விளையாட்டாகாது. அதே வழக்கில்தான் படத்தின் மறுபக்கமும் தெரிந்தது. சாட்சி பிறழ்ந்தபோதும் கோயிலின் சிசிடிவி காட்சி பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. ஆகவே படமே கூடாது என்று இங்கே எவரும் சொல்ல முடியாது.

பொது இடத்தில் நின்றால் யாரும் படம் எடுக்கலாமே என்பது வழக்கமான மறுப்பு. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் தன்னைக் கேட்காமல் எடுத்த படத்துக்காக ஒரு முதியவர் தொடுத்த வழக்கை 2006இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; படமெடுத்த கலைஞர் டிகோர்சியா வென்றார். நம் உச்ச நீதிமன்றத்தின் பார்வை அப்படியே அதுவல்ல. அந்தரங்க உரிமை குறித்து 2017 ஆகஸ்ட் 24 அன்று வந்த புட்டசாமி தீர்ப்பின் முதன்மை உரை, பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்கிறது. ஆனால் 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபரின் சொந்தப் பயன்பாட்டைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவோ ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பது பற்றியது. உடை கலையாமல் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் படம் யாருக்கோ போய்ச் சேர்வதைத் தடுக்க இவற்றில் வழி தேடினால் கிடைப்பது சொற்பம்.

இன்னொரு மறுப்பு நியாயமானது: கேட்டுவிட்டு எடுத்தால் தற்செயல் போய்விடும், எல்லோரும் நிமிர்ந்து நின்று பல்லைக் காட்டுவார்கள். சரிதான். ஆனால் எடுப்பதும் பகிர்வதும் ஒரே செயல் என்று யார் சொன்னது? எடுக்கும்போது கேட்க முடியாது. அனுப்புமுன் கேட்க முடியும். படத்தின் உயிர் எடுத்த கணத்திலேயே பதிந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து “இதப் போடட்டுமா?” என்று கேட்பதால் அது செத்துவிடாது.

பெரியவர்கள் சொல்லும் தீர்வோ பிரச்சினையைவிட மோசம். 2016 ஜூனில் சங்ககிரி இருக்கும் இதே சேலம் மாவட்டத்தில், இளம்பிள்ளை பக்கத்தில், முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டதால் ஓர் இளம்பெண் உயிரை விட்டார். புகார் கொடுத்தும் படம் உடனே அகலவில்லை. காவல் கண்காணிப்பாளரே மன்னிப்புக் கேட்கும்படி ஆனது. இப்படி ஏதாவது நடந்தால் உடனே கிளம்பும் பேச்சு, பெண்பிள்ளைகள் போட்டோ போடக் கூடாது என்பது. திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பூட்டி வைக்கும் யோசனை அது. போனைப் பறிமுதல் செய்யும் கல்லூரிகளும் அதையே செய்கின்றன: வளாகத்துக்குள் படம் குறையும், வாசலைத் தாண்டியதும் பழைய கதைதான். முதலாண்டு அறிமுக வகுப்பில் ராகிங் பற்றி உறுதிமொழி வாங்குகிற கல்லூரிகள், அதே தாளில் ஒரு வரி சேர்க்கட்டும்: படத்தில் இருப்பவர் சம்மதிக்காமல் அதை எந்தக் குரூப்பிலும் போடமாட்டேன், நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்குவேன்.